வீட்டுக் கை

உட்காருங்கள். நீங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விடுகதை. ஏற்ற ஏற்ற இறங்கும், இறக்க இறக்க ஏறும். அது என்ன?

தெரியவில்லையா? காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறீர்கள். கழுத்தில் அட்டை தொங்குகிறது. ஆயிரம் மூட்டை சிமெண்ட் எப்படிக் கடலுக்குள் போனது என்று விசாரிக்க வந்த ஆளுக்கு இது தெரியவில்லை. என் தங்கை மகள் பிலோமி ஆறு வயதில் பட்டென்று சொன்னாள். தோணி. சரக்கை ஏற்ற ஏற்றத் தண்ணீருக்குள் இறங்கும். சரக்கை இறக்க இறக்க மேலே ஏறும். இந்த விசாரணையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கஸ்பார் என்ற ஒரு மனிதனின் திமிர்.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் ததேயு. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொடுக்கிறேன். ஜல்லி, செங்கல், கம்பி, சிமெண்ட். எல்லாம் மாலத்தீவுக்கு. அந்தத் தீவுகளில் மணலைத் தோண்டினால் மணல்தான் வரும், கல் வராது. அங்கே ஒருவன் வீடு கட்ட நினைத்தால் முதல் கல்லே நம் ஊரிலிருந்து கடல் தாண்டிப் போக வேண்டும். பெரிய கப்பல் அந்தச் சின்னத் தீவுகளின் கரைக்கு அருகில் போகாது. மரத்தோணி போகும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து மே பாதி வரை போகும். அதற்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிடும். மூன்று மாதம் எல்லாத் தோணியும் இதோ, ஜன்னல் வழியாகப் பாருங்கள், இப்படிக் கயிற்றில் கட்டிக் கிடக்கும்.

கஸ்பார் தண்டல். தண்டல் என்றால் தோணியை ஓட்டிப் போகும் தலைவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் மேலதிகாரிக்குத் தெரியாது. தோணி ரெஜினா அம்மாளுடையது. ஓட்டுவது கஸ்பார். ஏற்றுவது நான். இதில் இன்னொன்றும் உண்டு. கஸ்பார் என் தங்கை புருஷன். என் தங்கை ஜெசிந்தா மூன்று வருடத்துக்கு முன்பு காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போது அவர் எங்கே? கடலில். அடக்கம் முடிந்து ஆறாவது நாள் வந்து இறங்கினார். பிலோமியைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தது யார்? நான். எனக்கும் என் மனைவி லீமாவுக்கும் பிள்ளை இல்லை. வருடத்தில் ஒன்பது மாதம் அவள் என் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது நான். பல் விழுந்தால் என்னிடம்தான் காட்டுவாள். இதை எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது சாண் விஷயத்துக்கு வருகிறேன்.

தோணியின் வெளிப்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அந்தக் கோடு தண்ணீருக்குள் போகக்கூடாது. அதுதான் சட்டம். சட்டம் நல்லதுதான், ஆனால் கோடு பெயிண்டால் போட்டது. போன வருடம் பெயிண்ட் அடித்தபோது அது ஒரு சாணுக்கு மேலேயே ஏறிவிட்டது. பெயிண்ட்காரனுக்குக் கை நடுங்கும். இதை எழுதாதீர்கள்.

ஆகவே தண்டல்கள் கோட்டை நம்புவதில்லை. சாணைத்தான் நம்புவார்கள். ஏற்றி முடித்ததும் தோணியின் விளிம்பிலிருந்து ஒரு மூங்கிலைத் தண்ணீரில் இறக்குவார்கள். விளிம்பு வரும் இடத்தில் கத்தியால் ஒரு கீறல். தண்ணீர் நனைத்த இடத்தில் ஒரு கீறல். இரண்டுக்கும் நடுவில் ஐந்து சாண் இருக்க வேண்டும். இருந்தால் கயிற்றை அவிழ்க்கலாம். இல்லாவிட்டால் சரக்கு இறங்க வேண்டும். அளப்பது தண்டலின் கை. அவர் வர முடியாவிட்டால் அவர் வீட்டு ஆள் ஒருவரின் கை. வீட்டுக் கை என்று சொல்வார்கள். தன் வீட்டு ஆளை மூழ்கடிக்கிற மாதிரி யாரும் அளக்கமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. எங்கள் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். நான் அதை ஒரு நாளும் மீறியதில்லை. ஒரு நாளும். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

மே பன்னிரண்டாம் தேதி. பருவத்தின் கடைசிப் பயணம். ஜல்லி முழுவதும் உள்ளே போய்விட்டது. தோணி அணையும் துறைமுகப் பாலத்தின் மேல் ஆயிரம் மூட்டை சிமெண்ட் மிச்சம். அந்தத் தீவில் விடுதி கட்டுகிறவன் தினமும் போன் செய்கிறான். சிமெண்ட் வராவிட்டால் வேலை நின்றுவிடும் என்கிறான். இங்கேயே வைத்துக்கொள்ளலாமா? கடற்காற்றில் மூன்று மாதம் கிடந்தால் சிமெண்ட் மூட்டை என்ன ஆகும் தெரியுமா? சாக்கோடு சேர்ந்து பாறையாகிவிடும். ஆயிரம் பாறையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, கோட்டை கட்டுவதா?

கஸ்பார் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். சாயங்காலம் தோணி கிளம்ப வேண்டும். அளக்க ஆள் வேண்டும். அவர் தம்பி வேம்பாரில் இருக்கிறான். அவனுக்கு ஆள் அனுப்பி, அவன் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும். வேறு யார் இருக்கிறார்கள் அவர் வீட்டில்? யோசித்துப் பாருங்கள். சொந்த மகளைவிட வீட்டுக் கை வேறு என்ன இருக்கிறது?

பள்ளி விடுமுறை. பிலோமி என்னோடு பாலத்துக்கு வந்திருந்தாள். ஒன்பது வயது. மூங்கிலைத் தரையில் போட்டு, "சாண் போட்டுப் பாரு, கண்ணு" என்றேன்.

"என் கை சின்னதுல்லா, மாமா?"

"கைன்னா கைதான். உள்ளதை உள்ளபடி சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

உண்மையை மட்டும்தான் சொல்லச் சொன்னேன். கவனியுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை.

அவள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, விரலை முடிந்த மட்டும் விரித்து அளந்தாள். ஒவ்வொரு சாணுக்கும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு எண் எழுதினாள். அவ்வளவு பொறுப்பான பிள்ளை. "ஏழு" என்றாள்.

ஏற்றுகிற ஆட்களின் மேஸ்திரி சவரி பக்கத்தில் நின்றான். "அண்ணாச்சி, போதும். தோணி நிறைஞ்சிட்டு."

"ஏழு இருக்குடே. ஐஞ்சு இருந்தா போதும். ரெண்டு சாண் சும்மா கெடக்கு."

"அது பிள்ளை கை, அண்ணாச்சி."

"வீட்டுக் கை வேணும்னு சொல்றது நீங்க எல்லாருந்தான. பிள்ளை கை ஆவாதுன்னு எந்த ஓலையில எழுதிருக்கு?"

அவன் மூட்டை எடுக்க ஆட்களைக் கூப்பிட்டான்.

ஏற்றினேன். இருநூறு மூட்டைக்கு ஒரு தடவை மூங்கிலை இறக்கி, புதுக் கீறல் போட்டு, பிலோமியிடம் கொடுத்தேன். ஆறரை. ஆறு. ஐந்தே முக்கால். ஐந்தரை. கடைசி மூட்டை ஏறியதும் ஐந்து. நூல் பிடித்த மாதிரி ஐந்து. ஒரு மூட்டை மிச்சமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு ஏற்றம் நான் ஏற்றியதில்லை. அவளுக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, தோணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா தோணி குள்ளமாயிட்டு" என்றாள். குழந்தைகள் ஏதாவது சொல்லும்.

நாலரை மணிக்கு கஸ்பார் வந்தார். தலையில் துண்டு, கண் சிவப்பு. பாலத்தில் நின்றபடியே கேட்டார்.

"என்ன மச்சான், தோணி தாழ்ந்து நிக்கே?"

"காய்ச்சக் கண்ணுக்கு எல்லாம் தாழ்ந்துதான் தெரியும், மாப்பிள்ளை."

"அளந்தாச்சா?"

"அளந்தாச்சு. ஐஞ்சு."

"யாரு அளந்தா?"

"உங்க வீட்டுக் கைதான்."

"தம்பி வந்தானா?"

வந்தான் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து சவரி கயிற்றைப் பற்றி ஏதோ கேட்டான். நான் திரும்பிவிட்டேன். கஸ்பாருக்குச் சந்தேகம் இருந்தால் மூங்கில் தோணியிலேயே இருந்தது, எடுத்துத் தன் கையை வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அது யார் தவறு? அதைத்தான் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டும்.

பிலோமி பாலத்தில் நின்று கையைக் காட்டினாள். அவர் போனார்.

அடுத்த நாள் மத்தியானம் காற்று எழும்பியதாம். பத்து நாள் முந்தி வந்துவிட்டது. அதற்கு நானா பொறுப்பு? அலை விளிம்பைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்தது. பம்பு வைத்து இறைத்தார்களாம், இறைத்ததைவிட வந்ததுதான் அதிகமாம். எல்லாம் தோணி ஆட்கள் சொன்னது. அவர்கள் அவருக்குச் சாதகமாகத்தானே சொல்வார்கள். அப்போதுதான் கஸ்பாருக்கு மூங்கில் ஞாபகம் வந்திருக்கிறது. எடுத்து, கையை வைத்திருக்கிறார். மூன்றரை.

திரும்ப வைத்திருக்கிறார். மூன்றரைதான்.

பிறகு எண்களைப் பார்த்திருக்கிறார். ஊதா எண்கள். பிலோமி நாலை எழுதினால் கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி இருக்கும். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் மாற்றவில்லை. அந்த நாலைப் பார்த்தாராம். அப்புறம், "மூட்டையைத் தள்ளுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

எட்டுப் பேர். இருட்டுவதற்குள் ஆயிரம் மூட்டையையும் கடலில் தள்ளிவிட்டார்கள். எண்ணூறு தள்ளிவிட்டுப் பார்த்தாரா? ஐநூறு தள்ளிவிட்டுப் பார்த்தாரா? இல்லை. ஆயிரமும். ஒன்றுவிடாமல். நான் கடைசியாக ஏற்றியது எவ்வளவோ சரியாக அவ்வளவு. இது பயமா, பழிவாங்கலா? உங்கள் அறிக்கையில் நான் எதிர்பார்ப்பது இந்த ஒரு கேள்விக்குப் பதில். கடலுக்கு அடியில் இப்போது மீன்கள் மாடி வீடு கட்டிக்கொண்டிருக்கும்.

ஜல்லியை இறக்கிவிட்டு, தோணியைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். அதை மறுக்கவில்லை. வந்ததும் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, நேராக இந்த அறைக்கு வந்தார். தோளில் மூங்கில். இந்த மேஜையில்தான் போட்டார். டீ டம்ளர் உடைந்தது.

"இது யாரு கை?"

"உங்க வீட்டுக் கை."

"எட்டுப் பேரு இருந்தோம், மச்சான்."

"எட்டுப் பேரும் வந்துட்டீங்கள்ல. என் ஆயிரம் மூட்டை வரலியே."

நியாயமான பேச்சுதானே? அவர் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், போலீசில் எழுதிக் கொடுத்திருப்பேன். அடிக்கவில்லை.

"என் பிள்ளை கையை எடுத்து என் கழுத்துல வச்சீங்க" என்றார். "இனி அவ உங்க வீட்டுல இருக்கமாட்டா."

அப்போது பிலோமி இந்தக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குப் பிறகுதான் தெரியும். அப்பா வந்துவிட்டார் என்று ஓடி வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஒரு குழந்தை காதில் விழும் இடத்தில் நின்று இப்படியா பேசுவது? யோசனை இல்லாத மனிதர்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு விளையாட்டு. எதைப் பார்த்தாலும் சாண் போடுகிறாள். கதவு, பெஞ்சு, லீமாவின் தையல் மிஷின். ஒரு நாள் மத்தியானம் அவள் அப்பா வீட்டுக்குப் போய், அவர் தூங்கும்போது அவர் கையோடு தன் கையை வைத்து, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாளாம். பிறகு கதவில் அவர் கையால் ஐந்து எவ்வளவு, தன் கையால் எவ்வளவு என்று கோடு போட்டுப் பார்த்தாளாம். பிள்ளை விளையாட்டு. லீமா மட்டும், "அவ சோறே சரியா திங்கமாட்டேங்கா" என்று புலம்பினாள். வெயில் காலத்தில் யார் சரியாகச் சாப்பிடுகிறார்கள்?

அதோ, அந்த மூலையில் சாய்த்து வைத்திருக்கிறதே, அதுதான் மூங்கில். அவர் போட்டுவிட்டுப் போனார். நான் ஒளித்து வைக்கவில்லை. ஒளிக்கிறவன் உங்கள் கண் முன்னால் வைப்பானா? எடுத்துப் பாருங்கள். மேல் கீறல் விளிம்பு. கடைசியாகப் போட்ட கீறல் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் எண் ஐந்து வரை இருக்கிறதா? இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், ஐந்து.

உங்கள் கையை எதற்கு வைக்கிறீர்கள்?

மூன்றரையா? உங்களுக்குப் பெரிய கை.

சரி, எழுதிக்கொண்டே இருங்கள், கடைசியையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள். ததேயு பிள்ளையை மயக்கி வைத்திருக்கிறான் என்பார்கள். நடந்தது இதுதான்.

போன ஞாயிறு, பூசை முடிந்து, ரெஜினா அம்மாள் என்னையும் கஸ்பாரையும் வீட்டுக்கு அழைத்தார்கள். பிலோமியையும்தான். அந்த அம்மாளுக்கு எழுபது வயது, தோணியைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு, "பிள்ளைகிட்டயே கேட்ருவோம்" என்றார்கள். எனக்குச் சம்மதம். ஏன் சம்மதமில்லாமல் இருக்கும்? மாடியில் அவளுக்குத் தனி அறை இருக்கிறது. சைக்கிள் வாங்கிக்கொடுத்திருக்கிறேன். மூன்று வருடம் வளர்த்திருக்கிறேன்.

கஸ்பார் சொன்னார்: "நான் இனி கடலுக்குப் போவல. வேம்பாருல உப்புக் கம்பெனியில வேலை பேசிட்டேன். பிள்ளைய என்கூட வச்சிக்கிடுவேன்."

"என்ன வேலை, மாப்பிள்ளை?" என்றேன்.

"காவல்."

"தண்டலுக்குக் காவல் வேலையா? நல்லது. உப்பு எங்கயும் ஓடிறாது."

ரெஜினா அம்மாள் என்னை முறைத்தார்கள். கஸ்பார் தரையைப் பார்த்தார். இருபது வயதிலிருந்து கடல் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. தரையில் நடந்தாலே அவருக்குத் தள்ளாடும். அது எல்லாருக்கும் தெரியும், பிலோமிக்கும் தெரியும்.

பிலோமி இரண்டு கையையும் பாவாடையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் அவரைத்தான் கேட்டாள்.

"நான் வந்தா நீங்க கடலுக்கே போவ மாட்டீங்களாப்பா?"

"மாட்டேன்."

"உங்களுக்குப் பிடிக்குமா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அவள் ரெஜினா அம்மாள் பக்கம் திரும்பினாள். பெரிய மனுஷி மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஆகஸ்ட்ல நம்ம தோணி போவுமா?"

"போவும், கண்ணு."

"அப்பா இல்லன்னா?"

"வேற தண்டல் போட்டுத்தான் ஆவணும்."

"ஏத்துறது மாமாதானா?"

ரெஜினா அம்மாள் கொஞ்சம் தயங்கினார்கள். தயங்கி என்ன செய்வது? இந்தத் துறைமுகத்தில் ஒரே நாளில் முந்நூறு டன் ஏற்ற என்னைவிட்டால் ஆள் கிடையாது. "மாமாதான்" என்றார்கள்.

பிலோமி தலையை ஆட்டினாள். கஸ்பாரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தபோது அவள் கண் என் கையில்தான் இருந்தது, முகத்தில் இல்லை.

"மாமா வீடு" என்றாள்.

கேட்டீர்களா? மாமா வீடு. எட்டுப் பேர் உயிர், கழுத்து, அது இது என்று பேசினாரே, அவர் பெற்ற பிள்ளை, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நான் எழுந்து அவள் தலையில் கை வைத்தேன். என்மேல் குற்றம் இருந்தால் பிள்ளை என் வீட்டுக்கு வருவாளா? நீங்களே சொல்லுங்கள். இதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

அதற்குப் பிறகும் அவள் ஏதோ சொன்னாள். நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா தோணியிலேயே போகட்டும் என்றாள். தான் மாமா வீட்டில் இருந்தால்தான் ஏற்றுகிற அன்றைக்குப் பாலத்தில் நிற்க முடியும் என்றாள். ஆகஸ்டிலிருந்து மூங்கிலைத் தானே பிடிப்பதாகவும், தன் கையால் ஏழு சாண் இருந்தால்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.